களத்து வேம்பில் ஒரு கப்பல்

வேப்பந்தட்டை,
3.8.2025, ஆடிப்பெருக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

கப்பல் முடிந்துவிட்டது. நேற்று ராத்திரியோடு கடைசி எண்ணெய்ப் பூச்சு காய்ந்தது. இன்று காலையில் கூடத்து மேஜைமேல் தூக்கி வைத்தேன். பேரன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இன்னைக்கு ஆடி பதினெட்டு, ஏரியில விடலாம்" என்றான். மிதக்காதுடா, அடிவயிற்றில் பாரம் வைக்கவில்லை, சாய்ந்து படுத்துக்கொள்ளும் என்றேன். "அப்புறம் எதுக்குக் கப்பல்னு சொல்ற?" என்று கேட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டான். பதினாலு மாத வேலைக்கு வந்த முதல் விமர்சனம் அதுதான்.

போனிலேயே படம் அனுப்பலாம் என்று மகன் நச்சரித்தான். வேண்டாம் என்றுவிட்டேன். பெட்டியைப் பிரித்து நீ நேரில் பார்க்க வேண்டும். அதோடு, போனில் வாய் வராத ஒரு விஷயம் எனக்கு உன்னிடம் சொல்ல இருக்கிறது. அதற்குத்தான் இந்தத் தாள்.

நீ அகதி முகாமிலிருந்து பஸ் ஏறி அரும்பாவூர்ப் பட்டறைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருவாய். களத்து வேம்படியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு நாலைந்து பேராக உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் நீ அண்ணாந்து மரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இந்த மரத்திலதான் எங்கட ஊரில ஒரு கப்பல் கட்டினவை. அது அமெரிக்கா மட்டும் போனது." உங்கள் ஊரில் 'மட்டும்' என்றால் 'வரைக்கும்' என்று அப்போது எங்களுக்கு எங்கே தெரியும்? "ஏன், வேற எங்கயும் போகலையா?" என்று ஒருத்தன் கேட்க, எல்லாரும் சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம். நான்தான் மேலே போனேன். "வேப்ப மரத்துல பல்லுக்குக் குச்சி ஒடிப்பாங்க மச்சான், கப்பலா கட்டுவாங்க?" என்றேன். நீயும் சிரித்தாய். ஆனால் அதற்கப்புறம் நீ கப்பல் பேச்சே எடுக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் சும்மா இருந்தேன்.

முப்பது வருஷம் கழித்து, போன வருஷம் சித்திரையில், மகன் போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தான். வல்வெட்டித்துறை என்று போட்டுப் பாரேன், மாமா ஊர் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்றேன். வந்து விழுந்தது அன்னபூரணி. 1930-ல் உன் ஊர்க் கரையில் கட்டியது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. மரம் என்ன என்று அவன் படித்தபோது மறுபடி படிக்கச் சொன்னேன். வேம்பு. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கியிருக்கிறார். அதற்கு முன்பே 32 அடிப் படகில் உலகத்தைச் சுற்றி வந்த ஆளாம், மரக்கலம் பார்க்கத் தெரிந்த கண். இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, சூயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலுக்குள் போய், அட்லாண்டிக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டு 1-ஆம் தேதி மாசசூசெட்ஸில் குளோஸ்டர் துறைமுகத்தைப் பிடித்திருக்கிறது. ஓட்டிப் போனவர்கள் தண்டையல், அதாவது கப்பல் தலைவர், கனகரத்தினம் தாமோதரம்பிள்ளையும் இன்னும் நாலு பேரும். ஐந்து பேருமே வல்வெட்டித்துறை. மறுநாள் பாஸ்டன் குளோப் பத்திரிகையில் செய்தி வந்திருக்கிறது. குளோஸ்டர்க்காரர்கள் நம்பியதை வேப்பந்தட்டைக்காரன் நம்பவில்லை, பார்த்தாயா? ஊர்ப் பெயரிலேயே வேம்பை வைத்துக்கொண்டு!

அன்று சிரித்ததற்கு என்னை மன்னித்துவிடு. வாயால் சொன்னால் நீ "விடு மச்சான்" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் மரத்தில் செய்து அனுப்புகிறேன்.

மரம் அதே மரம்தான். உன்னிடம் சொல்லவில்லை, களத்து வேம்பு மூன்று வருஷத்துக்கு முன் ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. அடித்தூரை விறகுக்குக் கேட்டு ஆள் வந்தார்கள், கொடுக்க மனமில்லை. மாட்டுக் கொட்டகை நிழலில் அடுக்கி வைத்திருந்தேன். எதற்கு வைத்திருக்கிறோம் என்று தெரியாமலே ரெண்டு வருஷம் நன்றாக உலர்ந்து கிடந்தது. பச்சையாக அறுத்திருந்தால் முறுக்கிக்கொண்டு போயிருக்கும்.

பட்டறையில் சொன்னபோது யாருக்கும் பிடிக்கவில்லை. நீ போன பிறகு, 2020-ல், அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதிலிருந்து நம் ஆட்களுக்குக் கொஞ்சம் மிடுக்கு. "வாகையில் செய்யுங்க, வழவழன்னு வரும். வேம்பு நார் பின்னிக்கிட்டு வரும், உளியை மதிக்காது" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. இழைப்புளியை இந்தப் பக்கம் தள்ளினால் பட்டுப்போல வருகிறது, ஒரு விரற்கடை தள்ளிப் போனதும் அதே பலகை சிலும்புகிறது. தூள் உதட்டில் பட்டால் அன்றைக்கு முழுக்கச் சோறு கசக்கும். உன் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, "காப்பியில சர்க்கரை போடலைன்னு என்னைத் திட்டாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

மரத்தைவிட என்னைப் படுத்தியது வேலையின் தன்மைதான். நாற்பது வருஷம் நான் சாமி செதுக்கியவன். ஒரே கட்டை. உள்ளே அம்மன் இருக்கிறாள், வேண்டாததை எடுத்தால் வெளியே வருவாள். முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் கணக்கு. கையில் கரண்டியோடு எத்தனை அன்னபூரணி செய்திருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. இந்த அன்னபூரணிக்கு அந்தக் கணக்கு எதுவும் செல்லவில்லை. இங்கே எடுப்பது கிடையாது, சேர்ப்பதுதான் வேலை. உள்ளே வெறும் காற்று. முதல் ஒரு மாதம் நான் பாட்டுக்கு ஒரு முழுக் கட்டையை எடுத்து வெளிவடிவத்தைச் செதுக்க ஆரம்பித்தேன். ரொம்ப லட்சணமாகத்தான் வந்தது, மாட்டுத் தொட்டி மாதிரி. அதில் இப்போது கோழி தண்ணீர் குடிக்கிறது.

அப்புறம்தான் உன்னிடம் போனில் சும்மா கேட்பதுபோல, "உங்க ஊர்ல கப்பல் கட்டுறப்போ எதுல தொடங்குவாங்க?" என்று கேட்டேன். நீ அரை மணி நேரம் பேசினாய். நினைவிருக்கிறதா? முதலில் ஏரா போட வேண்டும், அது முதுகெலும்பு. அதன்மேல் வங்கு நிறுத்த வேண்டும், அது விலா. அப்புறம்தான் பலகை. ஏரா வைக்கிற நாளில் நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைப்பார்கள் என்றாய். நானும் உடைத்தேன். அடிக்கு ரெண்டு நூல் என்று அளவு வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் நீளம் 22¼ அங்குலம், அகலம் 4¾ அங்குலம். 24 வங்கு. பலகை ரெண்டு நூல் அகலம், அரை நூல் தடிமன். பக்கத்துக்குப் பதினெட்டு. வயிறு எவ்வளவு உருண்டிருந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்தது பழைய படம் மட்டும்தான். அதில் பாதி தண்ணீருக்குள். ஆகவே தண்ணீருக்கு மேலே இருப்பது அன்னபூரணி, கீழே இருப்பது என் ஊகம். பார்த்ததும் உனக்குத் தப்பு தெரிந்தால் சொல்லிவிடு, மறைக்காதே.

பலகை வளைக்கிறதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு, வரும்போது பலகை ஒரே நேரத்தில் உள்ளேயும் வளைய வேண்டும், முறுக்கவும் வேண்டும். கொதிநீரில் ஊறப்போட்டேன், பழுக்கக் காய்ந்த இரும்புக் குழாயில் வைத்து அழுத்தினேன். ஒன்று, ரெண்டு, மூன்று, எல்லாம் படக் படக்கென்று ஒடிந்தது. நார் பின்னலாக இருக்கிற மரம் இல்லையா, வளைவுக்கு ஒத்துழைக்காது. மறுபடி கட்டையை எடுத்துப் பார்த்து, நார் நேராக ஓடுகிற இடமாகத் தேடி அறுத்தேன். தூருக்குப் பக்கத்தில் கொஞ்சம் கிடைத்தது. ஆணி அடித்தால் பிளக்கும் என்பதால் மூங்கிலைச் சீவி, துளை போட்ட இரும்புத் தகட்டுக்குள் விட்டு இழுத்து, குண்டூசிப் பருமனுக்கு ஆணி செய்துகொண்டேன். ஒவ்வொரு வங்கிலும் ஒவ்வொரு பலகைக்கும் ரெண்டு. கணக்குப் போட்டுக்கொள், நான் போடவில்லை, பயமாக இருந்தது.

அதில் ஒரு மடத்தனமும் செய்தேன். வலப்பக்கம் நன்றாக வருகிறதே என்ற ஆசையில் அந்தப் பக்கத்துப் பதினெட்டுப் பலகையையும் வரிசையாக அறைந்துவிட்டேன். காலையில் எழுந்து ஏராவின் வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்தால், கப்பல் வாழைக்காய் மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. பலகையெல்லாம் காய்ந்து சுருங்கி ஏராவையே வளைத்துவிட்டது. உன்னிடம் அன்று வேறு ஏதோ பேச்சில் நுழைத்துக் கேட்டபோது, "இந்தப் பக்கம் ஒண்டு வைச்சா அந்தப் பக்கம் ஒண்டு, அதுதானே முறை" என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். தெரிந்தவர்களுக்கு அது முறை, எனக்கு ஒன்றரை மாத வேலை. பதினாறு பலகையைக் கழற்றினேன். ரெண்டைக் கழற்ற மனம் வரவில்லை. அவை நேராகத்தான் இருந்தன. வலப்பக்கம் ஏராவை ஒட்டிய ரெண்டு பலகை மட்டும் நிறம் கொஞ்சம் கறுத்திருக்கும், பார்.

கலப்பத்தும் செய்திருக்கிறேன். மேஜையில் நிற்கிற கப்பலுக்கு எதற்கு என்று பட்டறையில் கேட்டார்கள். தண்ணீர் உள்ளே வராமல் இருக்கப் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவோம் என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கடலே இல்லாத ஊர்க்காரன் நான். ஆனால் பஞ்சுக்குப் பஞ்சமா? பருத்தி ஆராய்ச்சி நிலையமே இந்த ஊரில் இருக்கிறது. தெற்குக் கொல்லைப் பருத்தியில் ஒரு காயை வெடிக்கவிட்டு, கொட்டை எடுத்து, இழையாகத் திரித்து ஊசி முனையால் தள்ளினேன். ஒரு காய்ப் பஞ்சில் முழுக் கப்பலும் முடிந்தது. வேப்பந்தட்டைக் கரிசலுக்கும் கடலுக்கும் உறவு விட்டுப் போய் ரொம்ப நாளாகவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். காரைப் பக்கம் ஓடைக்குள் இறங்கினால் கடல் நத்தை கல்லாகிக் கிடக்கிறது, சாத்தனூரில் ஒரு மரமே 18 மீட்டருக்குக் கல்லாகிப் படுத்திருக்கிறது. கொஞ்சம் முன்னாடிதான், பத்துப் பன்னிரண்டு கோடி வருஷம்.

பாய்தான் தோற்றுப்போன இடம். நல்ல மல் துணி வாங்கி, டீத்தண்ணியில் நனைத்துக் காயவைத்து, பாய் தொங்கும் குறுக்குக் கழியான பருமலில் கட்டிப் பார்த்தேன். பெரிய கப்பலில் காற்றில் புடைக்கிற பாய், இந்த அளவுக்குச் சுருக்கினால் புடைக்க மாட்டேன் என்கிறது. துணியின் இழை பெரிதாகத் தெரிகிறது. உன் தங்கச்சி பார்த்துவிட்டு, "யாரோ கொடியில கோவணம் காயப்போட்ட மாதிரி இருக்கு" என்றாள். அவிழ்த்துவிட்டேன். துறையில் நிற்கும் கப்பலாக வைத்துக்கொள்வோம் என்று பாயை இறுக்கிச் சுருட்டிப் பருமலோடு கட்டியிருக்கிறேன். எனக்கென்னவோ அதுதான் அழகு. கடையில் விற்கிற பாய்க் கப்பலெல்லாம் கஞ்சி போட்ட துணியில் விறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா?

கப்பலைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "இது சோழர் கப்பலா?" என்பதுதான். போன வாரம் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழா நடந்தது. ராஜேந்திரனின் கடற்படை கடாரம் போய் ஆயிரம் வருஷம் என்று இந்தத் தடவை பெரிய கொண்டாட்டம், பிரதமரே வந்தார். விழா முடிந்து அந்தப் பக்கமிருந்து வந்த ஒருவர், "ஒரு புலிக்கொடி மட்டும் ஏத்திடுங்க, நல்ல விலைக்கு நான் எடுத்துக்கிறேன்" என்றார். எனக்கு ராஜேந்திரன்மேல் மரியாதை உண்டு. ஆனால் அவன் கப்பலைக் கண்ணால் பார்த்தமாதிரி ஒரு படமோ சிற்பமோ நமக்கு வந்து சேரவில்லை. போர்த்துகீசியன் கப்பலில் புலிக்கொடி ஒட்டி விற்கிறார்கள், அதைச் செய்ய என் கை வராது. பேரன் இன்னொரு பக்கம், கடற்படை போன மே மாதம் கார்வாரில் சேர்த்துக்கொண்ட கௌண்டின்யா கப்பலைக் காட்டி அதைச் செய் என்கிறான். அஜந்தா ஓவியத்தைப் பார்த்து, ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகையைத் தைத்துச் செய்தது. அது நல்ல வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் போனவன் யாரும் எனக்குத் தெரிந்தவன் இல்லை. இதில் உன் அப்பப்பாவுக்குத் தெரிந்தவர்கள் போயிருக்கிறார்கள்.

வார்னிஷ் அடிக்கவில்லை. லின்சீட் ஆயில் மட்டும், துணியில் தொட்டுத் தேய்த்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து பூச்சு. வார்னிஷ் அடித்தால் மேலே ஒரு கண்ணாடி நிற்கிறமாதிரி இருக்கும், மரத்தைத் தொட முடியாது. எண்ணெய் ஏற ஏற வேம்பு தேன் நிறத்துக்கு வந்து, அப்புறம் செம்மை ஏறிவிட்டது. மூக்கை அருகில் கொண்டுபோனால் இன்னும் வாசம் இருக்கிறது. களத்தில் கட்டிலில் மல்லாந்து படுத்தால் பூப் பூக்கிற காலத்தில் வருமே, அது இல்லை. மழை நனைந்த பட்டை வாசம்.

சின்னக் கப்பிகளெல்லாம் நாங்கள் கொட்டாங்குச்சி என்கிற, நீ சிரட்டை என்கிற சமாச்சாரத்தில் செய்தது. கயிறு உன் தங்கச்சி திரித்தது. கடையில் வாங்கிய கறுப்பு நூல் சாயம் விட்டதால் அவள் வெள்ளை நூலை மூன்று இழையாகத் திரித்து, பச்சமலைத் தேன்மெழுகில் இழுத்துக் கொடுத்தாள். "அண்ணனுக்குப் போறது, அறுந்துடக் கூடாது" என்று ஒவ்வொன்றையும் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள்.

இனிமேல் உன் வேலை. கவனமாகப் படி.

என் தங்கச்சி மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு இந்த மாதம் வருகிறான். நாகப்பட்டினத்தில் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்குகிறான். 2023-ல் தொடங்கி, நின்று, போன வருஷம் ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்ததே, அந்தச் சிவகங்கைக் கப்பலில்தான். அங்கிருந்து உன் ஊர் எட்டிப் பார்க்கிற தூரம் என்று நீதானே சொன்னாய். பாய்மரம் நின்றபடி பெட்டி செய்தால் யாரும் கையில் எடுத்து வர முடியாது. அதனால் ரெண்டு பாய்மரத்தையும் உருவி எடுக்கிறமாதிரி செய்திருக்கிறேன். உடம்பு ஒரு அறை, மரங்கள் பக்கத்தில் இன்னொரு அறை. கயிறுகள் தொங்கும், பயப்படாதே. தளத்தில் ரெண்டு துளை இருக்கும். முன் மரத்தின் அடியில் ஒரு வெட்டு, பின் மரத்தின் அடியில் ரெண்டு வெட்டு. முன் மரத்தை முதலில் நிறுத்து. வெட்டு அணியத்தைப் பார்க்க வேண்டும்.

பாய்மரத்தைத் தாங்குகிற கயிறு பக்கத்துக்கு நாலு, ஆக ரெண்டு மரத்துக்கும் பதினாறு. அவற்றை நான் கட்டவில்லை. கட்டிப் பார்த்தேன், மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் முளைக்குச்சியில் மாட்டைக் கட்டினமாதிரியே இருந்தது. எனக்குத் தெரிந்த முடிச்சு அதுதான். பட்டறையில் மதியம் சாப்பிட்டுவிட்டு நீ கையில் கிடைத்த சணலில் முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருப்பாய். ஒரே இழுப்பில் இறுகும், ஒரே தட்டில் கழன்றுவிடும். அது எனக்கு வரவே இல்லை. அதை நீ போடு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்பக்கத்தில் பெயர்ப் பலகை வெறுமையாக இருக்கும். மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. விற்ற பிறகு அதற்கு ஃபிளாரன்ஸ் சி. ராபின்சன் என்று, வாங்கியவர் மனைவி பெயரை வைத்திருக்கிறார்கள். அதை எழுத எனக்கு இஷ்டமில்லை. அன்னபூரணி என்று எழுதலாம் என்றால், உங்கள் ஊரில் அன்னபூரணி அம்மாள் என்று முழுசாகச் சொல்வார்களா, தமிழில் எழுதியிருந்தார்களா, படத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஊரில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டு நீயே எழுது. ரெண்டு தூரிகையும் ஒரு சின்னக் குப்பி வெள்ளைப் பெயிண்டும் வைத்திருக்கிறேன்.

கப்பல் நிற்கிற பீடம் மட்டும் வாகை. அந்த ஒன்றிலாவது பட்டறைக்காரர்கள் பேச்சைக் கேட்க வேண்டும் இல்லையா? அடியில் அவர்களில் சிலர் உளியால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அன்று களத்தில் கூடச் சிரித்தவர்களில் இப்போது மிச்சம் இருக்கிறவர்கள் அவர்கள்தான்.

பையன் திரும்பி வரும்போது கொஞ்சம் பனங்கட்டி கொடுத்துவிடு. போன தடவை அனுப்பியதைப் பேரனே தீர்த்துவிட்டான், என் கண்ணில் காட்டவில்லை.

பெட்டிமேல் சிவப்புப் பென்சிலில் அம்புக்குறி போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம்தான் மேல்பக்கம். மூடியை நெம்பாதே, நாலு திருகாணி இருக்கிறது, கழற்று.

இப்படிக்கு,
உன் மச்சான்